இரண்டாவது முறையும் வந்துவிட்டது: ஐ.வி.ஐ.ஜி.க்குப் போவதா, பொறுப்பதா?

வான்மதி:
மகளுக்கு எட்டு வயது. போன வருடம் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து ஆறிய கொஞ்ச நாளில், ஒரே இரவில் என்று சொல்கிற அளவுக்கு வேறு குழந்தையாக மாறிவிட்டாள். கை கழுவுவது நிற்கவே இல்லை, விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து சாப்பாட்டை ஒதுக்கினாள், எழுத்து கோணல்மாணலாகிப் போனது, எப்போதோ நின்றிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கமும் திரும்பி வந்தது. தொண்டை ஸ்வாபில் ஸ்ட்ரெப் என்ற, தொண்டைத் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா கிருமி இருந்தது. பாண்டாஸ் (ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பிறகு குழந்தைக்குத் திடீரென்று ஓ.சி.டி. போன்ற சிக்கல் வருவது) என்றார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், சில வாரங்களில் பெரும்பாலும் சரியானாள். இப்போது ஒரு சாதாரண சளிக்காய்ச்சலுக்குப் பிறகு மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது, இந்த முறை ஸ்ட்ரெப் இல்லை. நரம்பியல் மருத்துவர் ஐ.வி.ஐ.ஜி., அதாவது கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ரத்தக்குழாய் வழியாக, ஏற்றிவிடலாம் என்கிறார். மனநல மருத்துவர் இப்போதைக்கு வேண்டாம், நடத்தைப் பயிற்சியும் குறைந்த அளவில் மருந்தும் போதும் என்கிறார். வீட்டில் நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். இதைக் கடந்து வந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

கார்முகில்:
தயங்காமல் போங்கள். என் மகனுக்கும் இப்படித்தான் வந்தது, அவனுக்கு டிக்ஸ் (தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் உடல் துடிப்புகள்) அதிகம், கூடவே ஆத்திரம். தங்கையை அடித்துவிட்டு அவனே உட்கார்ந்து அழுவான், ஏன் அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பான். போன இடத்தில் எல்லாம் முதலில் கேட்டது வீட்டில் சண்டையா, பள்ளியில் பிரச்சினையா என்றுதான். வெள்ளிக்கிழமை வரை நன்றாக இருந்த குழந்தை திங்கட்கிழமை சாப்பிட மறுத்தால் அது வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை. ஸ்ட்ரெப் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவையும் தாக்குகிறது என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள விளக்கம். ஸ்ட்ரெப் தொற்றால் வரும் வாதக் காய்ச்சலுக்குப் பிறகு கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் ஆடும் சிடன்ஹாம் கொரியாவுக்கும் இதே விளக்கத்தைத்தான் சொல்கிறார்கள், அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழு 1998இலேயே 50 குழந்தைகளை வைத்து பாண்டாஸை விவரித்துவிட்டது. 1999இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய குழந்தைகளுக்கு ஒரே மாதத்தில் ஓ.சி.டி. (விடாத பயமும் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கும்) அறிகுறிகள் சராசரியாக 45 சதவீதம் குறைந்தன, பிளாஸ்மா என்ற ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றியவர்களுக்கு 58 சதவீதம். என் மகன் ஐ.வி.ஐ.ஜி.க்குப் பிறகுதான் மறுபடி என் மகனாக ஆனான்.

நிலவன்:
கார்முகில் சார், உங்கள் மகன் நன்றாக இருப்பதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் 1999 ஆய்வைச் சொல்கிறவர்கள் 2016 ஆய்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஆய்வில் முடிவு வரை இருந்தவர்கள் 29 பேர், மூன்று குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குச் சுமார் பத்துப் பேர்தான். பிளாஸ்மா மாற்றிய குழுவில் யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. 2016இல் ஸ்வீடோவும் பங்கெடுத்த ஆய்வில் 35 குழந்தைகள், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் திரவம் என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஐ.வி.ஐ.ஜி. பெற்றவர்களுக்கு 24 சதவீதம் குறைந்தது, வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 12 சதவீதம். தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியாக இல்லை.

இதில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது. இந்த நோய் ஏறி இறங்குகிற நோய். உச்சத்துக்குப் போகும், அப்புறம் பல குழந்தைகளுக்குத் தானாகவே தணியவும் செய்யும். நாம் எப்போது பெரிய சிகிச்சைக்கு ஓடுகிறோம்? உச்சத்தில் இருக்கும்போதுதான். அதற்குப் பிறகு எதைக் கொடுத்திருந்தாலும், எதையும் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இறங்க வாய்ப்பு உண்டு. கடைசியாகக் கொடுத்ததற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. என் மகளுக்கு இரண்டு முறை ஏறியது, ஒன்று ஆன்டிபயாட்டிக்கோடு இறங்கியது, இன்னொன்று எதுவுமே தொடங்குவதற்கு முன்னால் இறங்கியது. முதல் முறையை மட்டும் பார்த்திருந்தால் நானும் இங்கே வந்து ஆன்டிபயாட்டிக்தான் காப்பாற்றியது என்று சத்தியம் செய்திருப்பேன்.

செங்காந்தள்:
நிலவன், நீங்கள் சொல்வது எல்லாம் சரியாகவே இருக்கட்டும். சாப்பிடாத குழந்தையை வைத்துக்கொண்டு தானாக இறங்கும் வரை எத்தனை நாள் காத்திருப்பது? என் பையன் எச்சில்கூட விழுங்க மாட்டான், துணியில் துப்பிக்கொண்டே இருப்பான். எடை குறைந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில் ஒரு மருத்துவர் என்னிடம் "நீங்கள் பதற்றப்படுவதுதான் அவனுக்குத் தொற்றுகிறது" என்றார். இன்னொருவர் பாண்டாஸ் என்று ஒன்றே இல்லை என்றார். ஆதாரம் போதாது என்பது வேறு, நோயே இல்லை என்பது வேறு. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அடுத்த ஆய்வு இருக்கிறது, எனக்கு அடுத்த வேளைச் சாப்பாடு இருக்கிறது. பெற்றோர் ஏன் கிடைத்த மருத்துவரிடம் எல்லாம் ஓடுகிறார்கள் என்று கேட்கிறவர்கள், முதலில் பார்த்த மருத்துவர் அவர்களை எப்படி அனுப்பினார் என்றும் கேட்க வேண்டும்.

இளவேனில்:
நான் குழந்தைநல மருத்துவர். செங்காந்தள் எழுதியதைப் படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது, அந்த வார்த்தையை எந்தத் தாயிடமும் சொல்லியிருக்கக் கூடாது.

பொதுவாகச் சில விஷயங்கள். ஸ்ட்ரெப்போடு சேர்ந்து வந்தால் பாண்டாஸ். எந்தத் தூண்டுதல் என்று தெரியாவிட்டாலும், திடீரென்று ஓ.சி.டி.யோ சாப்பாட்டை மறுப்பதோ தொடங்கி, கூடவே பதற்றம், மனநிலை மாற்றம், ஆத்திரம், சின்னக் குழந்தை போல் பின்னோக்கிப் போவது, படிப்பில் சரிவு, கையெழுத்து போன்ற அசைவுச் சிக்கல்கள், தூக்கம் அல்லது சிறுநீர்ச் சிக்கல்கள் என்ற ஏழில் குறைந்தது இரண்டு சேர்ந்து வந்தால் பான்ஸ் என்று 2012இல் வரையறுத்தார்கள். இதை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. வேறு நோய்களை ஒதுக்கிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். வலிப்பு, நினைவு மங்குவது, பேச்சு குறைவது, வினோதமான வாய் அசைவுகள் இருந்தால் மூளை அழற்சியைத்தான் முதலில் தேட வேண்டும். மூளை நரம்பு செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியை எதிர்ப்பொருள் தாக்குவதால் வரும் மூளை அழற்சி என்பது 2007இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது, அதற்கு முன்னால் அந்த நோயாளிகளில் பலர் மனநோயாளிகளாகவே பார்க்கப்பட்டார்கள். அதனால் மனநலம் என்று எழுதி மூடிவிடுவதும் தவறு, எதையும் தேடாமல் பான்ஸ் என்று எழுதி மூடிவிடுவதும் தவறு.

ஸ்ட்ரெப் பரிசோதனையிலும் கவனம் வேண்டும். நோய் எதுவும் இல்லாமல் தொண்டையில் அந்தக் கிருமியைச் சுமந்து திரியும் குழந்தைகள் நிறையப் பேர். ஸ்ட்ரெப்புக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் ஏ.எஸ்.ஓ. எதிர்ப்பொருளின் அளவு தொற்று வந்து 3 முதல் 6 வாரங்களில் உச்சத்துக்குப் போகும், டி.என்.ஏஸ் பி எதிர்ப்பொருள் 6 முதல் 8 வாரங்களில். ஒரே ஒரு முறை அளவு அதிகமாக வந்தால் அது பழைய தொற்றாகவும் இருக்கலாம். சில வாரம் விட்டு மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

கார்முகில்:
டாக்டர், நீங்கள் நிதானமாகப் பேசுவதற்கு நன்றி. ஆனால் நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு. சீக்கிரம் சிகிச்சை கிடைத்த குழந்தை சீக்கிரம் மீள்வதைத்தான் நான் எங்கள் பெற்றோர் குழுவில் பார்க்கிறேன். நிலவன் எண்களை வைத்துப் பேசுகிறார், 2016 ஆய்வில் அந்த 24 சதவீதத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லவில்லையே? முன்னேறாத குழந்தைகளுக்குப் பிறகு வெளிப்படையாகவே ஐ.வி.ஐ.ஜி. கொடுத்தார்கள், 12ஆம் வாரத்தில் சராசரி 55 சதவீதம் குறைந்திருந்தது.

நிலவன்:
அந்த 55ஐ ஒப்பிட எதிரில் ஒரு குழு இல்லை சார். எல்லோருக்கும் தெரிந்தே கொடுத்தது, நடுவில் பல வாரங்கள் ஓடிவிட்டன. நான் சொன்ன ஏறி இறங்கும் சிக்கல் சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பெற்றோர் குழுவிலும் அப்படியே: நன்றாக ஆனவர்கள் வந்து எழுதுகிறார்கள், எதுவும் மாறாதவர்கள் களைத்துப்போய் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஐ.வி.ஐ.ஜி. கூடவே கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை, எடையில் கிலோவுக்கு 2 கிராம் வரை, ஒரு சின்ன உடம்பில் ஏற்றுகிறோம். கடும் தலைவலி, வாந்தி, கிருமியே இல்லாமல் வரும் மூளையுறை அழற்சி எல்லாம் வரலாம். அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு எதிர்ப்பக்கம் ஆபத்து இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. செங்காந்தளின் பையனுக்கு இருந்தது. வான்மதியின் மகள் இப்போது தண்ணீர் குடிக்கிறாளா, எடை நிற்கிறதா? அது தெரியாமல் "தயங்காமல் போங்கள்" என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

யாழினி:
இரண்டு மகன்களில் மூத்தவனுக்கு பான்ஸ். ஐ.வி.ஐ.ஜி. பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், வீட்டுக்குள் நாள் முழுக்க என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. "அம்மா, இது சுத்தமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சுத்தம்தான் என்று பதில் சொன்னால் சில நிமிடம் அடங்குவான், அப்புறம் முன்னைவிட வேகமாகக் கேட்பான். ஒவ்வொரு பதிலும் அந்த பயத்துக்கு உணவு போடுகிறது என்று எங்கள் சிகிச்சையாளர்தான் புரியவைத்தார். பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, பயத்தோடு அவன் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பது, ஆனால் சடங்கில் நாம் சேர்ந்துகொள்ளாமல் இருப்பது. சொல்ல எளிது, செய்கிறபோது வீடே அலறும். உச்சத்தில் இருக்கும் குழந்தையால் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியை முழுதாகச் செய்ய முடியாது, அப்போது பயிற்சி பெற்றோருக்குத்தான். காரணம் கிருமியோ எதிர்ப்பொருளோ எதுவாக இருந்தாலும், பயம் ஒரு தடத்தைப் போட்டுவிட்டால் தூண்டியது போன பிறகும் தடம் அப்படியே கிடக்கிறது.

செங்காந்தள்:
யாழினி, இதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் "நடத்தைப் பயிற்சி" என்று கேட்டாலே எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதை எங்களிடம் சொன்னவர்கள் ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல், வேறு எதையும் பார்க்காமல் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துவிட்டு அதையும் சொல்லியிருந்தால் அன்றே தொடங்கியிருப்பேன்.

இளவேனில்:
இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவதுதான் சரி. 2017இல் இந்தத் துறையின் மருத்துவர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலே மூன்று பகுதிகளாக இருக்கிறது: மனநலச் சிகிச்சை, நோயெதிர்ப்புச் சிகிச்சை, தொற்றுக்கான சிகிச்சை. ஒன்று தோற்ற பிறகு அடுத்தது என்று அதில் இல்லை. லேசான நிலையில் அழற்சி குறைக்கும் வலிமருந்தும் பயிற்சியும், அதைத் தாண்டினால் குறுகிய கால ஸ்டீராய்டு, வாழ்க்கை முடங்கும் நிலையில் ஐ.வி.ஐ.ஜி. என்ற போக்கில் போகிறார்கள். அந்த வழிகாட்டுதல் பெரும்பாலும் அனுபவத்தின் மேல் எழுதப்பட்டது, நிலவன் கேட்கிற மாதிரி வலுவான ஆய்வுகளின் மேல் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சாப்பிடாத, தண்ணீர் குடிக்காத குழந்தைக்கு ஐபுரூஃபென் போன்ற மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது சிறுநீரகம் பாதிக்கப்படும். ஸ்டீராய்டு சில குழந்தைகளுக்குப் பதற்றத்தையும் கோபத்தையும் கூட்டும். ஓ.சி.டி.க்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தை வழக்கத்தைவிட மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், இந்தக் குழந்தைகள் அதற்குச் சட்டென்று கிளர்ந்துவிடுகிறார்கள்.

கார்முகில்:
மாதக்கணக்கில் தடுப்பு ஆன்டிபயாட்டிக் பற்றி என்ன சொல்கிறீர்கள்? எங்கள் மருத்துவர் கொடுத்தார், அதற்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை.

இளவேனில்:
ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1999இல் பெனிசிலினை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டபோது பலன் தெரியவில்லை, ஆனால் அதில் பெனிசிலின் ஸ்ட்ரெப்பையே சரியாகத் தடுக்கவில்லை, அதனால் அது நியாயமான சோதனையும் ஆகவில்லை. 2005இல் 23 குழந்தைகளுக்கு பெனிசிலினோ அசித்ரோமைசினோ கொடுத்தபோது தொற்றும் நோய் ஏறுவதும் முந்தைய வருடத்தைவிடக் குறைந்தன, ஆனால் அங்கே வெறும் மாத்திரை பெற்ற குழு இல்லை. வாதக் காய்ச்சலில் பல வருடம் பெனிசிலின் கொடுப்பது இதயத்தைக் காக்க, அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஸ்ட்ரெப் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் நோய் ஏறுகிற குழந்தைக்கு நான் யோசிப்பேன். வான்மதியின் மகளுக்கு இந்த முறை ஸ்ட்ரெப்பே இல்லை, அதனால் யோசிக்க மாட்டேன். அசித்ரோமைசின் என்றால் ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளி நீள்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வான்மதி:
எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் குடிக்கிறாள், திரவமாகக் கொடுத்தால் உணவும் இறங்குகிறது, எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. பள்ளிக்குப் போகவில்லை. இங்கே நடந்த விவாதத்தைப் படித்த பிறகு, எடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அல்லது திரவத்தையும் மறுத்தால் ஐ.வி.ஐ.ஜி. என்று இரண்டு மருத்துவர்களையும் சேர்த்து வைத்து ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்கப் போகிறோம். அதுவரை பயிற்சியும் மனநல மருத்துவர் சொன்ன குறைந்த அளவு மருந்தும். ஒருவேளை ஐ.வி.ஐ.ஜி. என்றே ஆனால் முன்னதாக என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

கார்முகில்:
நான் இன்னும் சீக்கிரம் கொடுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன், இருந்தாலும் கோடு போட்டுக்கொள்வது சும்மா காத்திருப்பதைவிடப் பல மடங்கு மேல். அந்தக் கோட்டை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஏற்றும்போது மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், முந்தின நாளிலிருந்தே நிறையத் தண்ணீர். தலைவலி மறுநாள் கூட வரும், கழுத்தும் விறைத்தால் உடனே கூப்பிடுங்கள்.

நிலவன்:
எதிர்ப்பொருள் தொடர்பான ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு எடுத்தால் கொடையாளர்களின் எதிர்ப்பொருளும் சேர்ந்து வந்து குழப்பும். தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் கேளுங்கள், இந்த அளவு ஐ.வி.ஐ.ஜி.க்குப் பிறகு 11 மாதம் அவற்றைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.