மாலை நேர வகுப்பின் பயனை எப்படி அளந்து அறிக்கை தருவது?

கேள்வி:
வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஆறு கிராமங்களில், மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளையில் பணிபுரிகிறேன். இதுவரை வருகைப் பதிவேடு, வழங்கிய நோட்டுப் புத்தகங்களின் எண்ணிக்கை, சில நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொண்டே ஆண்டறிக்கை தயாரித்தோம். இவ்வாண்டு நிதி தருபவர்கள், குழந்தைகளிடம் என்ன மாறியது என்று கேட்கிறார்கள். ஆய்வாளரை அமர்த்தப் பணமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
அவர்கள் கேட்பது நியாயம்தான். நோட்டுப் புத்தகக் கணக்கு உங்கள் செலவைக் காட்டும். குழந்தை வாசிக்கிறதா என்பதைக் காட்டாது. இதற்காகப் புதிய வினாத்தாள் எதுவும் தேவையில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் (ASER) என்ற கற்றல் நிலை ஆய்வில், எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்ற வரிசையில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கச் செய்து நிலையைக் குறிக்கிறார்கள். அதையே ஜூனில் வகுப்பு தொடங்குமுன் ஒருமுறையும் மார்ச்சில் ஒருமுறையும் செய்யுங்கள். சொல்லிக்கொடுத்தவரே சோதிக்க வேண்டாம். பக்கத்து மையத்தவரை அனுப்புங்கள். இடையில் நின்றுவிட்ட குழந்தைகளை வீடு தேடிச் சென்றாவது சோதியுங்கள், ஏனெனில் அவர்களை விட்டுவிட்டால், யாரும் பொய் சொல்லாமலே சராசரி உயர்ந்துவிடும்.

மறுமொழி 2:
அந்த ஒன்பது மாதங்களில் குழந்தை பள்ளிக்கும் போகிறது. உங்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் ஓரளவு முன்னேறியிருக்கும். அடுத்த ஆண்டு மையம் திறக்கவிருக்கும் ஊர்களிலும் இப்போதே அதே சோதனையை நடத்தினால், ஒப்பிட ஏதேனும் கிடைக்கும். ஆறு கிராமங்களை வைத்து உறுதியாக எதையும் நிறுவ முடியாது என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள். மும்பையிலும் வதோதராவிலும் நடந்த பிரதமின் பால்சகி திட்டத்தை (பாடத்தில் பின்தங்கிய குழந்தைகளுக்கு உள்ளூர் இளம்பெண்கள் தனியே சொல்லிக்கொடுத்த திட்டம்) பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தபோது, மதிப்பெண் உயர்ந்ததை மட்டுமல்லாமல், திட்டம் முடிந்த ஓராண்டில் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி தேய்ந்துபோனதையும் வெளியிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன மாறியது என்று அளப்பது, சட்டப்படி கட்டாயம் என்கிறார்களே, எங்களுக்கும் பொருந்துமா?

மறுமொழி 3:
2021-இல் திருத்தப்பட்ட நிறுவனச் சமூகப் பொறுப்பு (CSR) விதிகளின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் சமூகப் பணிகளுக்குச் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடியும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களுக்கே அதைச் செய்ய வேண்டும். ஆறு மைய வகுப்பு அந்தத் தொகையை எட்டாது என்றே நினைக்கிறேன். ஆகவே தடித்த அறிக்கை வேண்டாம். எத்தனை பேர் எந்த நிலையிலிருந்து எதற்கு நகர்ந்தார்கள், எத்தனை பேர் நகரவே இல்லை என்று இரண்டு பக்கம் போதும். நகராதவர்களின் பட்டியலை நாங்கள் ஒருமுறை தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சிலருக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. மறு ஆண்டு நிதி கேட்டபோது கண் பரிசோதனைக்கும் சேர்த்தே கேட்டோம்.