மறு: ஃபிலிபஸ்டருக்குத் தமிழில் என்ன?

> 'நெடும்பேச்சுத் தடை' என்று வைக்கலாமே? விடிய விடியப் பேசி மசோதாவை முடக்குவதுதானே அது?

ஐயா, வணக்கம்.

1957-க்கு உங்கள் சொல் கச்சிதம். கறுப்பினத்தவருக்கான குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து, அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அதன் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார் (மசோதா நிறைவேறிவிட்டது, அது வேறு கதை). ஆனால் இன்றைய செய்திகளில் அடிபடும் ஃபிலிபஸ்டரில் பெரும்பாலும் யாரும் வாயே திறப்பதில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து, ஒரு மசோதா சிக்கிக்கொண்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு அவை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. எதிர்ப்பவர் இரவெல்லாம் நிற்க வேண்டியதில்லை. விவாதத்தை முடிக்க 60 வாக்கு சேராது என்று தெரிந்தாலே போதும். 100 பேர் அவையில் 55 பேர் ஆதரித்தாலும் மசோதா கிடப்பில்தான். இங்கே 'நெடும்பேச்சு' என்று எழுதினால், யார் பேசியது என்று வாசகர் தேடுவார்.

2025-ல் செனட் உறுப்பினர் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி தர்மண்டை முந்தினார். ஆனால் எந்த மசோதாவையும் அவர் மறிக்கவில்லை. ஆக, உங்கள் சொல் ஃபிலிபஸ்டர் அல்லாததைப் பிடிக்கிறது, ஃபிலிபஸ்டரை விட்டுவிடுகிறது!

இந்த 60 வாக்கு விதியை நீக்கலாமா என்று அங்கே நடக்கும் சண்டையும் வரலாற்றை வைத்துத்தான். நாட்டை நிறுவியவர்களின் ஏற்பாடு இது என்கிறார்கள் ஆதரவாளர்கள். அரசமைப்பில் அப்படி ஒன்றும் இல்லை. ஒப்பந்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தெளிவாக எழுதியவர்கள், சாதாரண மசோதாவுக்கு அப்படி எழுதவில்லை. 1806-ல் விதிகளைச் சீர்செய்தபோது, வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் ஒரு விதியையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். அந்த ஓட்டையில் பிறகு முளைத்ததுதான் இது. விவாதத்தை முடித்துவைக்கும் விதி 1917-ல்தான் வந்தது. 1964-ல் குடிமை உரிமைச் சட்டத்துக்காக 71–29 என்று விவாதத்தை முடிக்க, 60 வேலைநாள் ஆயிற்று. 2020-ல் ஒபாமா இதை இன ஒதுக்கல் காலத்தின் எச்சம் என்றதற்குப் பின்னணி அதுதான். கொள்கைப் பிடிப்பு இரு கட்சிக்கும் கிடையாது என்பது என் எண்ணம்: மற்ற நியமனங்களுக்கு இந்த விதியை 2013-ல் ஜனநாயகக் கட்சி விலக்கியது, உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு 2017-ல் குடியரசுக் கட்சி விலக்கியது.

எனவே சொல்லில் பேச்சு வேண்டாம். வாக்கெடுப்பு வராமல் மறிப்பது வரவேண்டும். 'தடுப்பு' வீட்டோவுக்குப் போய்விட்டது. 'மறியல்' அழகுதான், ஆனால் சாலையில் உட்காருவதுபோல் இருக்கும். ஈழத்து நண்பர்களுக்கோ அது சிறை. 'வாக்கெடுப்பு மறிப்பு' என்பது என் முன்மொழிவு. பழைய வகைக்கு 'பேச்சு மறிப்பு', விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு 'விவாத முடிப்பு'.

---

> 'வாக்கெடுப்பு மறிப்பு' என்பது என் முன்மொழிவு.

பேச்சை விட்டுவிடுகிறேன், சரி. ஆனால் இது செய்தித் தலைப்பில் அடங்காது தம்பி. 'வாக்கு மறிப்பு' போதாதா?

---

போதாது ஐயா. அது வாக்காளரை வாக்குச்சாவடியில் மறிப்பதாகத் தொனிக்கும். தெற்கு மாநிலங்களில் வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று கறுப்பினத்தவரை அப்படித்தான் மறித்தார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் குழப்பம். தலைப்பில் 'செனட் மறிப்பு' என்று போடலாம், உள்ளே முதல் தடவை முழுச்சொல், அப்புறம் வெறும் 'மறிப்பு'.