மறு: கூலண்டுக்குத் தமிழ்ச்சொல் – 'தணிப்புக் கரைசல்' என்று ஒரு பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிப் பராமரிப்புக் கையேட்டுக்குச் சொல் திரட்டுவதில் டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் பெரிய வாதமில்லாமல் கடந்துவிட்டன. என்ஜினுக்குள் சுற்றி அதன் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் விடுகிற திரவமான கூலண்டில் வந்து நிற்கிறோம். நிற்கவேண்டிய இடம்தான் இது. கார் வைத்திருப்பவர்கள் விவரம் தெரியாமல் செய்து, பிறகு என்ஜினையே பிரிக்கவேண்டி வருகிற காரியங்களில் இது முக்கியமானது. இங்கே சொல் சரியாக அமைந்தால் பாதி எச்சரிக்கையை அந்தச் சொல்லே சொல்லிவிடும் என்று நம்புகிறேன். அதனால் இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நிதானமாகவே எழுதுகிறேன்.

> குளிர்நீர் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாமே? யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பாளையங்கோட்டை ஐயா எழுதியது. ஐயா, விளக்கம் தேவைப்படாது என்பதுதான் எனக்குக் கவலை. 'குளிர்நீர் குறைந்தால் ஊற்றவும்' என்று படித்தவர் நேரே குழாயடிக்குத்தான் போவார். இப்போதே நம் பக்கத்தில் 'ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியா?' என்றுதான் கேட்கிறார்கள். பழைய அம்பாசிடர் காலத்துப் பேச்சு அது. அன்றைக்கு ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தது, தண்ணீரை ஊற்றி ஓட்டினார்கள். இன்றைய கார்களில் ரேடியேட்டரும், என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம். ராதாபுரம், திசையன்விளை, உவரி பக்கத்து போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு இந்த அலுமினியத்தை உள்ளேயிருந்தே அரிக்கும். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்போ சூடுபட்டதும் பிரிந்து வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் படிந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள் படிந்தால் எதை விட்டுச் சுரண்டுவது? அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது, பாதையையும் அடைக்கும்.

தாமிரபரணித் தண்ணீர் உப்பில்லாத நல்ல தண்ணீர்தானே என்று யாராவது கேட்பார்கள். உப்புக் குறைந்த தண்ணீர்தான், அது சரி. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. கொதிநிலையும் 100 டிகிரிதான். ஆகவே இந்தச் சொல்லில் 'நீர்' என்ற எழுத்தே வரக்கூடாது என்பது என் கட்சி. 'நீர்மம்' என்று மாற்றினாலும் படிப்பவர் கண்ணில் நீர்தான் படும்.

> குளிரூட்டி / குளிர்விப்பான் – அகராதிகளில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேடவேண்டும்?

இதற்கு வள்ளியூர் அண்ணாச்சியே பதில் எழுதிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள்.

> எங்கிட்ட வாரவங்க 'வண்டி குளிரல'ன்னு சொன்னா நான் ஏசியத்தான் பாப்பேன். என்ஜின்ல கைய வைக்க மாட்டேன்.

குளிரூட்டி என்ற சொல் ஏசிக்கும் குளிர்பெட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. என்ஜினைக் குளிரச் செய்வது கூலண்டின் வேலையே இல்லை. குளிர்ந்த என்ஜின் கெட்ட என்ஜின். எரிபொருளை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். அதனால்தான் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வை வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பியதும் அது மூடியே இருக்கும். பல கார்களில் ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரிக்குள் வந்த பிறகுதான் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். ஓடுகிற என்ஜின் 90 டிகிரியை ஒட்டி நிற்பதுதான் ஆரோக்கியம். அதற்குமேல் ஏறுகிற சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய் வெளியே விடுவதுதான் இங்கே நடக்கிற வேலை. இதைத் தமிழில் தணிப்பது என்போம். தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, வெக்கை தணிகிறது. அளவுக்கு மிஞ்சியது அளவுக்குள் வருவதைச் சொல்லும் சொல் அது. குளிர் என்பது வேறு திசை.

> சூட்டை ஆற்றுவதால் ஆற்றுநீர்? அழகாகவும் இருக்கிறதே.

அம்பாசமுத்திரம் அக்கா, வேர்ச்சொல் அருமை. ஆனால் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆற்றுநீர் என்று எழுதினால் நம்மூர்க்காரர்கள் கல்லிடைக்குறிச்சிப் பாலத்தடியில் போய்க் குடத்தை முக்கிவிடுவார்கள். நீரை எடுத்துவிட்டு 'ஆற்றுகரைசல்' என்று எழுதிப் பார்த்தேன். ஆற்றுக்கரை என்று கண் இழுத்துக்கொண்டு போகிறது. இருந்தாலும் 'ஆற்று' என்பதை விட்டுவிட மனம் வரவில்லை. அதை ரேடியேட்டருக்குக் கொடுப்போம் என்பது என் இரண்டாவது பரிந்துரை. ரேடியேட்டரைச் சிலர் கதிர்வீசி என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது அது. பெயர் அப்படி இருந்தாலும், ரேடியேட்டர் சூட்டைக் கதிராக வீசுவது கொஞ்சம்தான். மெல்லிய தகடுகளுக்கு இடையே புகுந்து போகிற காற்றுதான் பெரும்பகுதிச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. காப்பியை டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றும்போது காற்றுப் பட்டுச் சூடு இறங்குவது போலத்தான். எனவே ரேடியேட்டருக்குச் 'சூடாற்றி'. கரைசல் சூட்டைச் சுமந்துகொண்டு வரும், சூடாற்றி அதை ஆற்றி அனுப்பும். இரண்டு வேலை, இரண்டு பெயர்.

இனி என் முதல் பரிந்துரை: தணிப்புக் கரைசல்.

தணிப்புக்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். கரைசல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது உண்மையிலேயே கரைசல்தான். எத்திலீன் கிளைக்கால், தாது நீக்கிய தண்ணீர், துருத்தடுப்பு மருந்துகள் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். சூடாற்றியின் அழுத்த மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 125 டிகிரியையும் தாண்டும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் இந்த லாபமெல்லாம் போய்விடும். விலை குறைந்த அந்த மூடியை மாற்றாமல் என்ஜினையே குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

குளிர்நாடுகளில் இது உறையாமல் இருப்பதற்காக ஊற்றுவது, நமக்கு எதற்கு என்ற கேள்வியும் வந்தது. பாதிக்குப் பாதிக் கரைசல் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது மெய். நாங்குநேரியில் அந்தக் குணம் வேண்டியதில்லைதான். கொதிநிலை ஏறுவதும் துரு பிடிக்காததும் நமக்கு வேண்டும். கத்திரி வெயிலில் கயத்தாறு முதல் காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் ஏசியைப் போட்டு விரட்டும்போதும் வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கும்போது இன்னும் அதிகமாக வேண்டும். அங்கே என்ஜினுக்குச் சுமை அதிகம், வண்டி மெதுவாகப் போவதால் முன்பக்கக் காற்றோ குறைவு.

நம்மூரில் கரைசல் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தோட்டக்காரருக்கும் வயல்காரருக்கும் கரைசல் என்றால் அளவுண்டு, கலக்கும் முறையுண்டு, கண்டபடி ஊற்றக்கூடாது என்று தெரியும். அந்த அறிவு அப்படியே காருக்கும் வரட்டும். இதில் அளவு உண்மையிலேயே முக்கியம். காசு கொடுத்து வாங்கியது, தண்ணீர் கலக்காமல் முழுசாக ஊற்றினால் இன்னும் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். தனிக் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. உறைவதைப் பார்த்தாலும் தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும், கலந்ததுதான் தாங்கும். கடையில் இரண்டு வகையும் கிடைக்கிறது: தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டியது, அப்படியே ஊற்ற வேண்டியது. முன்னதைச் 'செறிவு' என்றும் பின்னதைக் 'கலந்த கரைசல்' என்றும் எழுதலாம்.

'தணிகரைசல்' என்று வினைத்தொகையாகச் சுருக்கலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். சுருக்கம்தான், இலக்கணமும் இடம் தருகிறது. ஆனால் வேகமாகச் சொல்லும்போது 'தனிக்கரைசல்' என்று காதில் விழும். கலக்காமல் தனியாக ஊற்றுவதுதானே நாம் விலக்க நினைப்பது! தணிப்பு என்று எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிற்குமா என்று தெரியும். கையேட்டுக்கு எழுதிய பகுதியை அப்படியே தருகிறேன், திருத்துங்கள்.

"தணிப்புக் கரைசலின் அளவை என்ஜின் ஆறியிருக்கும்போது, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். பக்கத்திலுள்ள வெள்ளை டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கரைசல் உள்ளுக்குள் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அதன்பின் வண்டியை ஓட்டக்கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டுமுள் சிவப்புக்குப் போனால் ஏசியை நிறுத்துங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுங்கள், கொஞ்சம் சூடு அந்த வழியாக இறங்கும். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சூடாற்றியின் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட கரைசல் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. திறந்த நொடியில் முகத்திலும் நெஞ்சிலும் பீறிட்டு அடிக்கும். மேல் குழாயைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவேண்டும். அரைமணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடலாம். மின்விசிறி சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றலாம், விரல் பத்திரம்."

நடுவழியில் வேறு கதியில்லாமல், என்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரை ஊற்றி அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை போவது பிழையில்லை. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பனகுடி தாண்டி இரவில் மாட்டிக்கொண்டவருக்கு அது உதவும். ஊர் வந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கழுவிவிட்டுச் சரியான கரைசலை நிரப்பவேண்டும்.

நிறம் பற்றியும் ஒரு வரி போடலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் அவரவர் சேர்க்கும் சாயம், அதை வைத்து வகை சொல்ல முடியாது. சேராத இரண்டு வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில நேரம் கூழாகத் திரண்டு அடைக்கும். எந்த வகை, எத்தனை ஆண்டில் மாற்றுவது என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும்.

சூடாற்றியைக் கழுவ அழுத்தக் குழாய் வேண்டாம் என்று வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நான்குவழிச் சாலையில் அடிபட்ட பூச்சிகளும், தேரிக்காட்டுப் பக்கத்துச் செம்மண் தூசியும் தகடுகளுக்குள் அப்பிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயைப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, காற்று போக வழியில்லாமல் ஆகும். ஆறிய என்ஜினில், சாதாரணத் தோட்டக் குழாயால், கை எட்டினால் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விடவேண்டும். மின் இணைப்புகளில் தண்ணீர் படக்கூடாது.

கடைசியாக ஒன்று, இதைத் தடித்த எழுத்தில் போட்டே ஆகவேண்டும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஆனால் இனிக்கும். வடித்ததைத் திறந்த தட்டில் விட்டுவைத்தால் நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். சிறுநீரகம் போய்விடும். யாராவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ கொட்டவும் கூடாது. மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கவேண்டும். 'குளிர்நீர்' வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதுவும் காரணம், ஐயா. நீர் என்று எழுதிய டப்பாவைப் பிள்ளைகள் எடுத்துக் குடிக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் கூலண்ட், ரேடியேட்டர் என்றேதான் பேசுவார்கள், பேசட்டும். 1930களில் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை போன்றவர்கள் திருநெல்வேலியிலிருந்து கலைச்சொல்லுக்காகப் பாடுபட்டதும் பள்ளிப் பாடம் தமிழில் எழுதப்படவேண்டும் என்பதற்காகத்தான். நாம் எழுதுவது வண்டிக்காரர் வீட்டில் இருந்து படிப்பதற்கு. முதல்முறை வரும் இடத்தில் 'தணிப்புக் கரைசல் என்னும் கூலண்ட்' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லையே தொடரலாம்.

அந்த வெள்ளை டப்பாவுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. சூடேறிப் பெருகும் கரைசலை வாங்கி வைத்து, ஆறியதும் திருப்பித் தருகிற கலம் அது. 'மிகைக்கலம்' என்பது கையிருப்பில் இருக்கிறது, நிறைவாக இல்லை. அம்பாசமுத்திரம் அக்காவும் வள்ளியூர் அண்ணாச்சியும் யோசித்து எழுதவேண்டும்.

அன்புடன்,
திருநெல்வேலி டவுனிலிருந்து