ஹைலக்ஸ் வண்டியின் அடியில் காற்றுத் தொட்டி பொருத்த ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அபுதாபியின் லீவா மணல்மேடுகளில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டியபோது, பக்கவாட்டுச் சரிவில் என் டொயோட்டா ஹைலக்ஸின் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. இடுக்கில் புகுந்த மணலைத் துணியால் துடைத்த பிறகும், சிறிய கம்ப்ரசரின் மெல்லிய காற்றில் அது மீண்டும் ரிம்மில் உட்காரவில்லை. ஒரே வீச்சில் காற்று கிடைப்பதற்காக, 10 லிட்டர் தொட்டி ஒன்றைச் சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கம் பொருத்த விரும்புகிறேன்.

சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துளையிடவோ வெல்டிங் வைக்கவோ எனக்கு மனமில்லை. ரப்பர் பட்டை வைத்து யூ போல்ட்டால் (U வடிவில் வளைந்த போல்ட்டால்) பிடித்தால், மேடுபள்ளங்களில் சேஸிஸ் முறுக்கும்போது தாங்குமா? தொட்டிக்குள் சேரும் நீரை வெளியேற்றும் குழாய் அடியில்தான் இருக்க வேண்டும் என்பதால், அது கல்லில் அடிபடாமலிருக்க என்ன செய்தீர்கள்? பொருத்தி ஓட்டியவர்கள் படத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.