ஓஇ மில்லுக்கு ரூஃப்டாப் சோலாரா, காத்தாடி ஷேரா? கரண்ட் பில் தாங்கலைங்க

வெள்ளகோவில்_நூல்
வணக்கம்ங்க. வெள்ளகோவில் பக்கம் ஓஇ மில் (கழிவுப்பஞ்சுல நூல் போடுற ஓப்பன் எண்ட் மில்) ஓட்டிட்டு இருக்கேன், ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்‌ஷன், சேங்ஷன் டிமாண்ட் (ஈபி அனுமதிச்ச லோடு) 500 கேவிஏ, மூணு ஷிப்ட். மாசம் 2 லட்சம் யூனிட் ஓடுது, பில்லு 19 லட்சத்த தாண்டுது. கழிவுப்பஞ்சு வெல ஏறிட்டே போகுது நூலுக்கு மட்டும் வெல கேட்டா பார்ட்டி போனையே எடுக்க மாட்டேங்குறான். சோலார்காரர் ஒருத்தர் வந்து 150 கிலோவாட் கூரை மேல போட்டா பில்லு பாதியாயிடும்ங்குறாரு. இன்னொருத்தர் குரூப் கேப்டிவ்ல (பல மில் சேந்து பங்கு போட்டு அந்த கரண்ட தாங்களே எடுத்துக்கறது) காத்தாடி, அதாவது காத்தாலை ஷேர் வாங்குங்கங்குறாரு. எதுங்க சரி?

ஷிப்ட்_எலக்ட்ரிசியன்
பாதியா? எப்படிங்க வரும். நம்ம ஏரியால 1 கிலோவாட்டுக்கு சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் வெச்சுக்கலாம், 150க்கு 600 யூனிட், மாசத்துக்கு 18,000. உங்க 2 லட்சத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்லீங்க. 2025 ஜூலை ரேட்டு யூனிட் 7.50 வெச்சா 1,35,000 மிச்சம், அதுலயும் நெட்வொர்க் சார்ஜ் (ஈபி லைனுக்கான கட்டணம்) இருந்தா கழியும். நம்ம கூரைல உற்பத்தியாகி நம்ம மெஷின்லயே ஓடுற கரண்டுக்கு எதுக்கு நெட்வொர்க் சார்ஜ் போட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. 2023ல பாதியா குறைச்சது கூட எல்டி (தாழ்வழுத்த) சிறுதொழிலுக்குத்தான், ஹெச்டிக்கு இல்ல.

சோலார் போட்டாலும் டிமாண்ட் சார்ஜ் (யூனிட்டுக்கு இல்லாம, கேவிஏ லோடுக்கு கட்டுறது) அப்படியேதான் நிக்கும். ராத்திரி ஷிப்ட்லயும் அதே மெஷின் ஓடுதே, மேக்சிமம் டிமாண்ட், அதாவது மாசத்துல இழுக்கற உச்ச லோடு எங்க குறையும்? மீட்டர்ல எவ்வளவு ரெக்கார்ட் ஆகுதுன்னு பாத்து சொல்லுங்க.

வெள்ளகோவில்_நூல்
பழைய பில்லெல்லாம் எடுத்து பாத்தேன்ங்க, 380 கேவிஏக்கு மேல எந்த மாசமும் போகல.

ஷிப்ட்_எலக்ட்ரிசியன்
அப்ப மொதல்ல கை வெக்க வேண்டியது அங்கதான். ரெக்கார்ட் ஆனது, இல்லேன்னா சேங்ஷன்ல 90 சதவீதம், எது அதிகமோ அதுக்குத்தான் பில்லு. நீங்க 380 ஓட்டிட்டு 450க்கு கட்டுறீங்க. 2025 ஜூலை ரேட்டு கேவிஏ 608 ரூபா வெச்சா 2,73,600. சேங்ஷன 400ஆ குறைச்சா 380க்கு மட்டும் கட்டுவீங்க, 2,31,040. ஒத்த பேனல் போடாம மாசம் 42,560 ரூபா கையில நிக்குதுங்க. 2022 ஏத்தத்துக்கு முன்னாடி கேவிஏ 350 ரூபாயா இருந்தப்ப யாரும் இத கண்டுக்கல. ஈபி எஸ்இ (மேற்பார்வை பொறியாளர்) ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. ஆனா புது மெஷின் எறக்குற ஐடியா இருந்தா அவசரப்படாதீங்க, சேங்ஷன தாண்டுனா தாண்டுன அளவுக்கு டபுள் ரேட்.

கயத்தாறு_காத்து
அண்ணாச்சி, காத்தாடி பத்தி நான் சொல்லுதேன். சாயங்கால பீக் அவர்ல யூனிட்டுக்கு 25 சதவீதம் கூட போடுறாம்லா, சோலார் அந்நேரம் தூங்கிரும். காத்தாடிக்கு சீசன்ல அந்நேரமும் ஓட்டம் உண்டு. ஈபிகாரன் சி1, சி2 (பீக்), சி4 (சாதா நேரம்), சி5 (ராத்திரி)ன்னு ஸ்லாட் பிரிச்சுதான் அட்ஜஸ்ட் பண்ணுவான், பீக் ஸ்லாட்ல வந்த யூனிட்ட சாதா நேரத்துக்கு கழிச்சுக்கலாம், ராத்திரி யூனிட்ட பீக்குக்கு ஏத்த முடியாது. அதனால வருசத்துக்கு எத்தன யூனிட்னு மட்டும் கேட்டு ஏமாறாதீக, ஸ்லாட் வாரியா பழைய அலாட்மெண்ட் ஸ்டேட்மெண்ட் (ஈபி ஒதுக்குன யூனிட் கணக்கு) கேளுங்க.

இன்னொண்ணு, காத்தாடி மெஷின் எந்த வருசம் கமிஷன் ஆச்சுன்னு (ஓட ஆரம்பிச்சதுன்னு) பாருங்க. 2018 மார்ச் 31க்குள்ள ஆனதுக்குத்தான் வருச பேங்கிங், நூத்துக்கு 14 யூனிட் புடிச்சிட்டு மிச்சத்த ஆடிக் காத்துல சேத்து வெச்சு மார்ச் வரைக்கும் எடுக்கலாம். புது மெஷின்னா அந்த சோலி கெடையாது. காத்து ஓஞ்ச மாசம் முழு ஈபி பில்லுதான்.

கணக்குப்புள்ள
ஷேர் வாங்கறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட நல்லா படிங்க சார். யூஸ் பண்றவங்க எல்லாரும் சேந்து 26 சதவீத பங்கு வெச்சிருக்கணும், வருச உற்பத்தில 51 சதவீதத்த எடுத்திருக்கணும், அதுவும் அவங்கவங்க பங்கு விகிதப்படி. கூட்டத்துல நாலு மில் படுத்து கரண்ட் எடுக்காம விட்டா மொத்தமும் கேப்டிவ் இல்லேன்னு ஆகி கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (ஈபி அல்லாம வெளியில கரண்ட் வாங்கறவங்க மேல போடுற கூடுதல் கட்டணம்) உங்க தலையிலயும் விழலாம். அப்படி ஆனா யார் கட்டுறதுன்னு பேப்பர்ல இருக்கான்னு பாருங்க, வாய்ல சொல்றது செல்லாது.

வெள்ளகோவில்_நூல்
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். திங்கக்கிழமை எஸ்இ ஆபீஸ் போறேன். கூரை பாதி ஆஸ்பெஸ்டாஸ், அதுல பேனல் நிக்குமான்னு சோலார்காரரு பாக்கவே இல்ல. பஞ்சுத் தூசி வேற தெனம் படியுது. ஷீட் மாத்தற செலவு யாருக்காவது தெரியுமாங்க?