அப்டேட்: சிபாப் மெஷினோட எட்டு மாசம்

மார்ச்ல இங்க புலம்பினேன்ல, தூக்கத்துல மூச்சு மணிக்கு 34 தடவ தடைபடுதுன்னு சிபாப் (தூங்கும்போது மாஸ்க் வழியா காத்த அழுத்தமா அனுப்புற மெஷின்) குடுத்துட்டாங்க, வாழ்க்கை பூரா மாட்டிக்கிட்டே இருந்தா நுரையீரல் சோம்பேறி ஆயிடுமான்னு. அதுக்கு அப்டேட்.

ஆகாதாம். டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன். மெஷின் நமக்காக மூச்சு விடுறதில்ல, காத்தழுத்தத்துல தொண்டைய மூடாம புடிச்சு வெக்குது, அவ்ளோதான், மூச்சு நாமதான் விடுறோம். நிறுத்தினா பழைய பிரச்சனை திரும்ப வரும், அத பாத்துட்டுதான் "அடிமையாயிட்டோம்"னு நெனச்சுக்குறோம், கண்ணாடிய கழட்டினா மங்கலா தெரியற மாதிரிதான் இதுவும். இப்ப மணிக்கு மூச்சு தடைபடுற எண்ணிக்கை 3, அஞ்சுக்குக் கீழ இருந்தா நார்மல்.

தொல்லையே இல்லன்னு சொல்ல மாட்டேன். மொத மாசம் வாய் காஞ்சு, வயித்துல காத்து ரொம்பி, காலைல ஒரே ஏப்பம் (வீட்ல நல்லா சிரிச்சாங்க). ஹியூமிடிஃபையர் (மெஷின்ல காத்த ஈரமாக்குற பகுதி) சூட்ட கூட்டினதும் வறட்சி போச்சு, அழுத்தத்த டாக்டர் மாத்தி குடுத்ததும் ஏப்பமும் கொறஞ்சிடுச்சு. மூக்கு மேல தழும்பு விழுந்தது மாஸ்க்க ரொம்ப இறுக்கினதால, ஒரு சைஸ் மாத்தினேன், சரி.

ஹியூமிடிஃபையர் தொட்டி தண்ணிய மட்டும் தெனமும் மாத்துங்க, டிஸ்டில்டு தண்ணிதான். நான் ஒரு வாரம் விட்டுட்டேன், அந்த வாடைய இன்னும் மறக்க முடியல.