புதுப்பிப்பு: ஓடந்துறை காற்றாலை எங்கே நிற்கிறது?

போன வாரம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி சொந்தக் காற்றாலை வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை. காற்றாலை ஊருக்குள் நிற்பதுபோல எழுதிவிட்டேன். அது நிற்பது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற இடம் அதுதானே! அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேரும், ஊராட்சியின் தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் கணக்கில் கழியும். மிச்சத்தை வாரியத்துக்கே விற்கிறார்கள்.

பணம் எப்படி வந்தது என்று பலர் கேட்டீர்கள். 2006-இல் 350 கிலோவாட் காற்றாலைக்கு ஆன செலவு 1.55 கோடி. ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். அப்போதைய தலைவர் ஆர். சண்முகம். அதற்கு முன்பே மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து பம்பு ஓட்டிப் பார்த்த ஊர் அது.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 40 லட்சம்தான். சொந்தப் பணம் போட்டால்தான் பொறுப்பும் சொந்தமாகிறது. எங்கள் ஊரில் சோலார் விளக்கு இலவசமாக வந்தது. இரண்டே மழைக்காலம், பேட்டரி படுத்துவிட்டது. யாரிடம் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கம்பத்தில் இப்போது கட்சிக்கொடி பறக்கிறது.

சரி, கடன் அடைந்த கதையை அடுத்த முறை எழுதுகிறேன்.